அழகேசன் தலைவராக இருந்த காலம்

அழகேசன் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே சோற்றை வாயில் போட்டுக்கொள்வார்.

"ஒரு எடத்துல குந்துனா என்னா, முள்ளா குத்துது?" என்று அவர் மனைவி இராஜம்மா கேட்பாள்.

அவர் தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். செம்பனைக் காட்டுக்குள் குவித்து வைத்திருக்கும் பழக்குலைகளை ஏற்றி, எடைமேடையில் நிறுத்தி, பிறகு எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நாள் முழுக்க அந்த இரும்பின் நடுக்கத்திலேயே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தரை அசையாமல் இருப்பது அவருக்கு என்னவோ போல இருக்கும்.

கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்சுந்தைக்குப் போகும் சடக்கில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டி இருந்தது அந்தத் தோட்டம். கம்பெனி அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. சனங்களுக்கு அது ஆத்தோரத் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேட்டில் சில, ஆற்றுப் பக்கம் சில. மேல் லயத்துக்காரர்களுக்கும் கீழ் லயத்துக்காரர்களுக்கும் கோயிலில் முதல் மாலை யாருக்கு என்பதில் பல வருஷத்துத் தகராறு.

எண்பத்து மூன்றாம் வருஷம் கோயிலின் பழைய தலைவர் ரவாங்கில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கோயில் முன்னால் கூடினார்கள். மேல் லயம் ஒரு பெயரைச் சொன்னது, கீழ் லயம் ஒரு பெயரைச் சொன்னது. நாற்காலிகள் சாயத் தொடங்கிய நேரத்தில் யாரோ ஒருவர் எழுந்து, "அழகேசன் கெர்லிங்ல இருந்து இங்க பொண்ணு கட்டி வந்த ஆளு. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. அவரப் போட்டா என்னா?" என்றார்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அழகேசன் திடுக்கிட்டார். "எனக்குப் பேச வராதுலா."

"பேச வேணாம். நின்னா போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக முடிவாகிவிட்டது. ஆள் நல்ல உயரம், அடர்ந்த மீசை, வெள்ளைச் சட்டை போட்டால் எடுப்பாக இருப்பார். கோயில் தலைவர் யாரோ அவரே தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைக்கும் தலைவர் என்பது அங்கே வழக்கம். அன்றைக்கு ஒரே மாலையில் அவருக்கு இரண்டு பதவிகள் வந்து சேர்ந்தன.

ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. திருவிழாவில் முதல் மாலை. கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி. ஆனால் அந்த நாற்காலியில் அவரால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. திருவிழாவுக்கு லீவு கேட்க ஆபீசுக்குப் போனபோது தலைமை எழுத்தரான பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு, மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "வாங்கோ தலைவர். அது நேற்றே முடிவாப் போச்சு. ஞாயிற்றுக்கிழமைதான் திருவிழா. வார நாளில லீவு இல்லை. நீங்கள் சனங்களுக்குச் சொல்லிவிடுங்கோ" என்றார்.

அவர் போய்ச் சொன்னார். சனங்கள் அவரைத் திட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லாமே இப்படித்தான் நடந்தது. ஆபீசில் முடிவானதை ஏற்றிக்கொண்டு வந்து லயத்தில் இறக்குவார். லயத்தில் கிடைக்கிற திட்டை ஏற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போவார். ஆபீஸ் அதை இறக்கிக்கொள்ளாது. திட்டு அவரோடேயே திரும்பி வீட்டுக்கு வரும்.

தண்ணீர்ப் பிரச்சினைதான் அவரை உண்மையிலேயே ஆட்டிப் பார்த்தது. தோட்டத்துத் தண்ணீர் ஆற்றிலிருந்து இறைத்து, மேட்டுத் தொட்டியில் ஏற்றி, குழாயில் விடுவது. மழைக்காலத்தில் தேத்தண்ணி நிறத்தில் வரும். பெண்கள் குழாய் வாயில் பழைய துணியைக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தத் துணி ஒரு வாரத்தில் சேற்றில் புரட்டி எடுத்த மாதிரி ஆகிவிடும். பெரிய சடக்கு ஓரமாகவே அரசாங்கத் தண்ணீர்க் குழாய் போனது. எதிரில் மலாய்க் கிராமமான கம்பத்து வீடுகளில் பளிச்சென்று தண்ணீர் கொட்டியது. தோட்டத்து வேலிக்குள் மட்டும் அது நுழையவில்லை.

எண்பத்தாறாம் வருஷ நடுவில் கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு. காளியம்மாவின் மகள் வயிற்றுப் பேரனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துத்தான் வந்தான். ஆனால் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான். காளியம்மா அழகேசன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவர் தட்டோடு நடந்துகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நீ தலைவரா, இல்ல கோயில் வாசல்ல கட்டுற வாழமரமா?"

அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் துரையைப் பார்க்கப் போனார். தோட்ட மேனேஜர் வெள்ளைக்காரர் இல்லை, இந்த நாட்டுக்காரர்தான் என்றாலும் சனங்களுக்கு அவரும் துரைதான். அவர் கனிவாகவே பேசினார். "நான் கோலாலம்பூர் ஹெட் ஆபீசுக்குச் சொல்லியாச்சு, தலைவர். அவங்க பதில் தரணும். எனக்கு அதிகாரம் இல்லை." சங்கத்தின் வட்டாரச் செயலாளர், "அடுத்த கூட்டத்துல பேசுறோம்" என்றார். அடுத்த கூட்டத்தில் வேறு எதையோ பேசினார்கள்.

அந்த ஆகஸ்டில் பொதுத்தேர்தல் வந்தது. வேட்பாளர் தோட்டத்துக்கு வந்தார். ஏற்கனவே ஒய்பியாக, தொகுதி உறுப்பினராக, இருந்தவர்தான். கோயில் முன்னால் மேடை. அழகேசனுக்குப் பொன்னாடை போர்த்தி, தோளில் கைபோட்டுக்கொண்டு மைக்கில் முழங்கினார்: "உங்க தலைவர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. தண்ணி! தீபாவளிக்கு முன்னால ஒவ்வொரு லயத்துக்கும் கவர்மெண்டு தண்ணி வரும்!"

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. காளியம்மாகூடத் தட்டினாள். அந்த இரண்டு வாரமும் அழகேசன் நடந்து போனால் வழிவிட்டார்கள். கடையில் அவர் கேட்பதற்கு முன்பே கோப்பி வந்தது.

ஒய்பி ஜெயித்தார். தீபாவளியும் வந்து போனது. குழாயில் அதே தேத்தண்ணி நிறம்.

ஒரு சனிக்கிழமை அழகேசன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோல சிலாங்கூருக்குப் போனார். ஒரு கடைக்கு மேல்மாடியில் ஒய்பியின் சேவை மையம். பிறப்புப் பத்திரம், உதவிப் பணம், பள்ளிக்கூட இடம் என்று ஏகப்பட்ட பேர் காத்திருந்தார்கள். அழகேசன் உட்காரவில்லை. மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். அவர் முறை வந்தபோது ஒய்பி உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மேடையில் பார்த்த ஆளைவிடச் சிறுத்துப் போயிருந்தார்.

"தலைவரே, உண்மைய சொல்லட்டா? நான் இந்தத் தண்ணி விஷயமா போகாத ஆபீஸ் இல்ல. போனா வெளிய பெஞ்சுல உக்கார வைக்கிறாங்க. சின்னச் சின்ன ஆபீசருங்க. பேருக்கு முன்னால ஒய்பின்னு இருக்கு, அவ்வளவுதான். தோட்டம் கம்பெனி நெலம். கம்பெனி கேக்காம வேலிக்கு உள்ள கவர்மெண்டு கொழா வராது. நான் சொன்னா கம்பெனி கேக்காது."

"அப்ப ஏங்க தீபாவளிக்கு முன்னாலன்னு சொன்னீங்க?"

ஒய்பி மேசையைப் பார்த்தபடி, "நீங்கள்லாம் கைதட்டுனீங்களே" என்றார்.

அழகேசனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. கீழே இறங்கி வந்தார். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. மலாவத்தி மலையை ஒரு சுற்று நடந்தார். ஆற்று முகத்துவாரத்தில் மீன் படகுகள் நிற்கும் இடம் வரை போனார். அங்கிருந்து மறுபடி மலைக்கு வந்தார். தனக்கு மேலே துரை, துரைக்கு மேலே ஹெட் ஆபீஸ், இந்தப் பக்கம் ஒய்பி. இத்தனை வருஷம் தனக்கு மட்டும்தான் கையில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தார். யார் கையிலும் ஒன்றுமில்லை என்றால் இந்தத் தோட்டத்தை யார்தான் நடத்துகிறார்கள்? மோட்டாரில் திரும்பி வரும்போது வழி நெடுக அதையே வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலைப் பிரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், அவர் சனங்களைப் பார்த்துப் பேசினார். மூன்று வருஷத்தில் அவராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஒய்பிய பாத்துட்டு வந்தேன். அவரால முடியாதாம். தொரையாலயும் முடியாதாம். என்னாலயும் முடியாது. தலைவரு தலைவருன்னு கூப்புடுறீங்க, எனக்கு ஒரு பவரும் இல்ல. இதச் சொல்லாம ஏமாத்திக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

 காளியம்மாதான் வாயைத் திறந்தாள். "அப்ப யாராலதான் முடியும்?"

இன்னொரு டிராக்டர் ஓட்டுகிற சன்னாசி சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். அழகேசனைவிட வயதில் சின்னவர், எதையும் கிண்டலாகச் சொல்கிற ஆள். "பழம் ஆலைக்குப் போகலன்னா அழுகிடும்லா. பழம் அழுகுனா யாரோ ஒருத்தன் ஓடி வருவான். அவன்கிட்ட கேப்போம்" என்றார்.

சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. எல்லார் கண்ணும் அழகேசன் பக்கம் திரும்பியது. அவர் தன் குரலைத் தானே கேட்டார். "நான் இன்னிக்கு வண்டி எடுக்கல."

சன்னாசி தன் டிராக்டரில் ஏறி ஓட்டிக்கொண்டு போய் எடைமேடையின் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். மற்றவர்களும் அன்று வேலைக்குப் போகவில்லை.

முன்பே வெட்டிப்போட்ட பழம் காட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. மறுநாளே ஈ மொய்த்தது. புளித்த நாற்றம் லயம் வரைக்கும் வந்தது. துரை வந்து கெஞ்சினார். "தலைவர், எடுக்கச் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாங்க."

"எம் பேச்ச யாரும் கேக்குறதில்ல, தொர. சத்தியமா சொல்றேன்."

துரை நம்பவில்லை. சங்கச் செயலாளர் வந்து கத்தினார். "சங்கத்த கேக்காம வேலைய நிறுத்தலாமா? நீ தலைவரு, ஒனக்கு ரூல் தெரியாதா?" அழகேசன் அவருக்கும் அதே பதிலைச் சொன்னார். இந்த நாட்களில் அவர் தூங்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. எடைமேடையிலிருந்து லயத்துக்கு, லயத்திலிருந்து கோயிலுக்கு என்று நடந்துகொண்டே இருந்தார். பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவில் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. ஏதோ ஒன்று நடக்கிறது, அதைத் தான் ஏற்றி வந்து இறக்கவில்லை என்கிற குறுகுறுப்பு.

மூன்றாம் நாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு கார் வந்தது. டை கட்டிய ஒருவர் இறங்கினார். அழுகிய பழத்தைச் சுற்றி வந்து பார்த்தார். சனங்கள் பக்கம் திரும்பவே இல்லை. துரையோடு ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் கார்த்திகேசு லயத்துக்கே நடந்து வந்து, அரசாங்கத் தண்ணீருக்குக் கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்.

மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு லயத்து முனையிலும் ஒரு குழாய் வந்தது. திறந்து வைக்க ஒய்பி வந்தார். அழகேசனுக்கு மாலை போட்டார். "உங்க தலைவர் சாதிச்சுட்டாரு!" என்றார். சனங்கள் தட்டினார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. காளியம்மா பேரனை அதன் கீழே நிறுத்திக் குளிப்பாட்டினாள். அந்த ஒரு மத்தியானம் அழகேசன் கோயில் படியில் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். இராஜம்மா அதை அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் சன்னாசிக்கு வேலை போய்விட்டது. எடைமேடையை மறித்தது, கம்பெனிக்கு நஷ்டம் உண்டாக்கியது என்று காரணம் சொன்னார்கள். லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அழகேசன் ஆபீசுக்குள் செருப்போடு நுழைந்தார். "கிராணியாரே, மொதல்ல நிறுத்துனது நான். எல்லாருக்கும் தெரியும். என்னைய ஏன் விட்டீங்க?"

கார்த்திகேசு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் கேலி இல்லை. "உங்களைத் தொட்டால் சங்கம் கேக்கும். பத்திரிகையில வரும். நீங்கள் தலைவர் எல்லோ. சன்னாசிக்கு என்ன இருக்கு? ஒருத்தருக்குத் தண்டனை குடுக்க வேணும் எண்டு மேலிடத்தில சொல்லிப் போட்டாங்கள்."

"அப்ப என்னைய நிறுத்தச் சொல்லுங்க. அவன விடச் சொல்லுங்க."

"அது என்ர கையில இல்லை, அழகேசன்."

இத்தனை காலத்தில் அந்தப் பதவி ஒரே ஒரு காரியம் செய்தது. அது அவரைக் காப்பாற்றியது. அவரை மட்டும்.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் சனங்களைக் கூட்டினார். சன்னாசிக்காக மறுபடி ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேலையை நிறுத்தலாம் என்றார்.  சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சாக்கில் எழுந்து போனார்கள். கடைசியில் காளியம்மாதான் மெதுவாகச் சொன்னாள். அவள் குரல் அப்படித் தாழ்ந்து அவர் கேட்டதே இல்லை. "தண்ணி வந்துருச்சேப்பா. இனிமே எதுக்கு வம்பு?"

"அப்ப எனக்குத் தலைவர் பதவி வேணாம்."

அதற்கு மட்டும் எல்லாரும் ஒரே குரலில் மறுத்தார்கள். நீங்கள் இருந்ததால்தான் தண்ணீர் வந்தது, நீங்கள்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ராஜினாமா செய்யக்கூட அவரால் முடியவில்லை.

சன்னாசியின் சாமான்களைப் பெரிய சடக்கு வரை கொண்டுபோக ஆபீஸ் ஒரு டிராக்டர் கொடுத்தது. ஓட்ட அழகேசனை விட்டால் வேறு ஆள் இல்லை. கட்டில், தையல் மெஷின், அண்டா, சாமி படங்கள் எல்லாவற்றையும் பின்வண்டியில் ஏற்றினார்கள். அதன் நடுவில் சன்னாசியின் மனைவி வேலம்மா மடியில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்தாள். அழகேசனைப் பார்க்கவில்லை. சன்னாசி மட்கார்டில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அழகேசனுக்கு ஆயிரம் பேச இருந்தது.  வண்டியை முடிந்தவரை மெதுவாக ஓட்டினார்.

"கொஞ்சம் வேகமா போண்ணே. மழ வருது, படம் நனைஞ்சிடும்" என்றார் சன்னாசி.

சடக்கில் ஒரு வாடகை லோரி காத்திருந்தது. சாமான்களை மாற்றி ஏற்றினார்கள். லோரி கிளம்பியதும் சன்னாசி கையைத் தூக்கினார். வேலம்மா திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அழகேசனால் அந்தத் தோட்டத்தில் இருக்க முடியவில்லை. லயத்து முனைக் குழாயைக் கடக்கும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டார். யாராவது "தலைவரே" என்றால் முதுகில் ஏதோ பட்டது போலத் திரும்பினார். இராஜம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் தோட்டத்தில் மிச்சமிருந்த ரப்பர்க் காட்டில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து கத்தியைக் கழுவி வைத்தாள். "அமராவதிக்கிட்ட சொல்லிட்டேன். ரவாங்ல ஒரு ரூம் பாத்து வச்சிருக்கா. நம்ம போயிறலாம்" என்றாள். அமராவதி அவர்களுடைய ஒரே மகள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே கல்யாணமும் ஆகியிருந்தது.

"பதினெட்டு வயசுல இருந்து நீ மரம் வெட்டிப் பொழச்ச எடம், இராஜம்மா."

"மரம் எங்கயும் இருக்கும். நீ இப்புடி நடந்தே செத்துப் போயிருவ. கெளம்பு."

எண்பத்தேழாம் வருஷத் தொடக்கத்தில் போனார்கள். யாருக்கும் முறையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே மேல் லயத்து ஆள் ஒருவர் தலைவரானார் என்று கேள்விப்பட்டார். ரவாங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் சாமான் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினார். அங்கே அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை. சீன முதலாளி "அண்ணே" என்பார், கூட வேலை செய்கிற மலாய்க்காரப் பையன்கள் மாமா என்ற முறையில் "பாக்சிக்" என்பார்கள். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா இருக்க விடவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு சன்னாசியைத் தேடிப் போனார். கெர்லிங்கில் தன் சொந்தக்காரர்களிடம் விசாரித்தார். யாரோ கோல குபு பாரு என்றார்கள், யாரோ உலு யாம் என்றார்கள். பல வாரம் கழித்து உலு யாமில், மணல் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பலகை வீட்டு முன்னால் சன்னாசி மணல் லோரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"என்னா தலைவரே, இந்தப் பக்கம்?"

"அப்புடிக் கூப்புடாத, சன்னாசி."

"சரிண்ணே. அந்த ஜாக்கிய பிடிங்க."

அழகேசன் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டார். சன்னாசி போல்ட்டுகளை முடுக்கி முடித்தார். பிறகு, இத்தனை நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை அழகேசன் ஒரே மூச்சில் கொட்டினார். "என்னாலதான் ஒனக்கு இப்புடி ஆச்சு. நான் சொல்லித்தான நீ வண்டிய குறுக்க போட்ட. ஒனக்கு எம்மேல கோவம் இருக்கும்."

சன்னாசி கையைத் துணியில் துடைத்தார். "கோவம் இருக்குண்ணே. இல்லாம இருக்குமா? நீங்க அங்க இருந்தீங்க, நான் தெருவுக்கு வந்தேன். வேலம்மா இன்னும் உங்க பேரக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவா." பிறகு பழைய கிண்டல் குரலில் சொன்னார். "ஆனா ஒண்ணு. நீங்க சொல்லி நான் போடல. பழம் அழுகட்டும்னு சொன்னது நான், குறுக்க போட்டது நான், சாவியப் பைக்குள்ள போட்டது நான். நீங்க சொல்லி அந்தத் தோட்டத்துல யாரு எதச் செஞ்சா, நான் மட்டும் செய்யிறதுக்கு?"

அழகேசனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழியைச் சுமந்து கொண்டுவந்து இறக்கலாம் என்றுதான் வந்தார். அதையும் சன்னாசி இறக்கிக்கொள்ளவில்லை. தன் பங்கைத் தானே வைத்துக்கொண்டார்.

அந்நேரம் வேலம்மா கடைக்குப் போய்விட்டுக் கையில் பையோடு வந்தாள். வாசலில் அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அழகேசன் எழுந்துகொண்டார்.

"வரேன் சன்னாசி."

"கோப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே."

"இன்னொரு நாளைக்கு."

மோட்டாரைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கத்தில் போகும்போது, "வரேம்மா" என்றார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி போனார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார். வேலம்மா அவரோடு பேசுவதற்கு அந்த வருஷம் முழுக்க ஆனது. பேசியதும் முதல் வார்த்தையாக அவரைத் திட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, நின்றபடியே, எல்லாவற்றையும் கேட்டார்.